பல்கேரியாவுக்கு மே 24: தேதியை மாற்றுவதாக இல்லை



குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரு வாரமாக நடக்கும் விவாதத்தைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். துண்டு துண்டாகப் பதில் போட்டால் சண்டைதான் வளரும். அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் என் முடிவு. நான் போவது பல்கேரியாவுக்கு. 2026 மே 22 கிளம்பி ஜூன் 4 திரும்புகிறேன். என்னோடு ஓய்வு பெற்ற தோழியர் இருவரும் வருகிறார்கள். நாட்டையும் மாற்றுவதாக இல்லை, தேதியையும் மாற்றுவதாக இல்லை. காரணத்தைக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுகிறவர்கள் திட்டலாம்.

தம்பி மகன் பாசத்தோடு அனுப்பிய விளம்பரத்தைப் பார்த்தேன். பத்து நாளில் ஏழு நாடு. போக வர இரண்டு நாளைக் கழித்தால் ஒரு நாட்டுக்கு ஒரு நாள் சொச்சம், அதிலும் பாதி பேருந்துக்குள். பரீட்சைக்கு முந்தின வாரம் எட்டுப் பாடத்தை ஒரே பீரியடில் ஓட்டுவது மாதிரி இருக்கிறது. அப்படி நடத்தின பாடம் உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா? தினமும் காலை ஆறு மணிக்குப் பெட்டியைக் கட்டி வாசலில் வைக்க என் முழங்காலும் சம்மதிக்கவில்லை.

“பால்கன் நாடா? அங்கே சண்டை நடக்குமே” என்றார் அண்ணன். 1912, 1913 பால்கன் போர்களைப் பள்ளியில் படித்ததோடு நம் நினைப்பு நின்றுபோய்விட்டது. பால்கன் என்பது ஒரு மலைத்தொடரின் பெயர். அது பல்கேரியாவின் குறுக்கே ஓடுகிறது, அதை வைத்துத்தான் அந்தத் தீபகற்பத்துக்கே பெயர் வந்தது. பல்கேரியா 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2025 ஜனவரி 1 முதல் முழுமையாக ஷெங்கன் பகுதி, 2026 ஜனவரி 1 முதல் யூரோ நாணயம். அண்ணன் நிம்மதியாகத் தூங்கலாம்.

இப்போது தேதிக்கு வருகிறேன். மே 24 பல்கேரியாவில் அரசு விடுமுறை. எதற்குத் தெரியுமா? எழுத்துக்கு! தங்கள் நெடுங்கணக்குக்கும் கல்விக்கும் பண்பாட்டுக்குமாக ஒரு நாடே லீவு விட்டுக் கொண்டாடுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் பூ ஏந்தி, பேண்டு வாத்தியத்தோடு ஊர்வலம் போகிறார்கள். தலைநகர் சோபியாவில் தேசிய நூலகத்தின் முன்னால் சிரில், மெதோடியஸ் சகோதரர்களின் சிலை இருக்கிறது. அங்கேதான் பெரிய விழா.

இந்தச் சகோதரர்கள் தெசலோனிக்கியில் பிறந்தவர்கள். 9ஆம் நூற்றாண்டில் ஸ்லாவ் மக்களின் பேச்சுக்கென்று கிளகோலிதிக் என்ற எழுத்தை உருவாக்கினார்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு சீடர்களை மொராவியாவிலிருந்து விரட்டிவிட்டார்கள். பல்கேரிய மன்னர் போரிஸ் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்து, பாடம் சொல்லித் தரச் சொன்னார். அப்படி வளர்ந்த பல்கேரியப் பள்ளிகளில்தான் சிரிலிக் எழுத்து உருவாயிற்று. ரஷ்ய எழுத்து என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது பல்கேரியாவிலிருந்து ரஷ்யாவுக்குப் போனது. பல்கேரியர் யாரிடமாவது “நீங்கள் ரஷ்ய எழுத்தில் எழுதுகிறீர்களே” என்று சொல்லிவிடாதீர்கள்!

விழாவைத் தொடங்கியதும் ஒரு பள்ளிக்கூடம்தான். 1851இல், ஒட்டோமான் ஆட்சி நடக்கும்போதே, பிளோவ்டிவ் நகரத்துப் பள்ளியில் ஆரம்பித்தது. நாடு கையில் இல்லாத நாளில் எழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டிப்ளமோ படித்துவிட்டு வாழ்நாள் முழுக்க அ, ஆ எழுத வைத்தவள் நான். ஐபில் கோபுரத்தை விட்டுவிட்டு நான் ஏன் இங்கே போகிறேன் என்று இன்னுமா கேட்கிறீர்கள்?

இன்னொன்று. மே இரண்டாம் பாதியில் அங்கே பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைகள் நல்ல உடை உடுத்தித் தெருவில் கூட்டமாக வந்து, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை உரக்க எண்ணிக் கத்துவார்கள். கடந்துவந்த ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் எண். அதை ஒருமுறை காதால் கேட்க வேண்டும். ஆகஸ்டில் போனால் கேட்க முடியுமா?

ரோஜாவுக்கும் இதே கணக்குதான். பால்கன் மலைக்கும் ஸ்ரெத்னா கோரா மலைக்கும் நடுவே இருப்பது ரோஜாப் பள்ளத்தாக்கு, அதன் முக்கிய ஊர் கசன்லக். எண்ணெய் எடுக்கும் ரோஜா அங்கே மே நடுவிலிருந்து ஜூன் நடு வரைதான் பூக்கும். விடியற்காலையில், வெயில் ஏறி எண்ணெய் குறைவதற்குள் பறித்தாக வேண்டும். ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,000 முதல் 4,000 கிலோ பூ வேண்டும். பறிப்பவர்களுக்குக் கிலோ கணக்கில் கூலி. தோவாளைச் சந்தைக்குப் பூ வரும் நேரத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த அவசரம் புரியும். தோட்டத்தில் கூடையோடு படம் எடுத்துக்கொள்வதோடு நிற்காமல், எண்ணெய் வடிக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஜூன் முதல் வார இறுதியில் கசன்லக்கில் ரோஜாத் திருவிழா, ரோஜா ராணி எல்லாம் உண்டு. அதை நான் வேண்டுமென்றேதான் விட்டுவிட்டேன். கூட்டம் அதிகம், அறை கிடைப்பதும் கஷ்டம். பூவைப் பார்க்க மேடை எதற்கு?

ஜூன் 2 அன்று நண்பகல் பன்னிரண்டு மணிக்கு நாடு முழுக்கச் சங்கு ஊதுவார்கள். ஒட்டோமான் ஆட்சியை எதிர்த்துப் போரிட்டு 1876இல், 28 வயதில் இறந்துபோன கவிஞர் ஹிரிஸ்தோ போதெவுக்கும், விடுதலைக்காக உயிர் கொடுத்த மற்றவர்களுக்கும் அது அஞ்சலி. தெருவில் போகிறவர்கள் அப்படியே அசையாமல் நிற்பார்கள். போதெவும் சில காலம் வாத்தியார் வேலை பார்த்தவர்தான். அவர் பிறந்த கலோஃபர், கசன்லக்கிலிருந்து பக்கம்.

இங்கேதான் சிக்கல். என்னிடம் படித்து இன்று ஆசிரியர்களாக இருக்கும் நான்கு பேர், “டீச்சர், ஜூன் முதல் வாரம் பள்ளி திறந்துவிடுமே, மே முதல் வாரத்துக்கு மாற்றுங்களேன்” என்று கேட்டிருக்கிறார்கள். படித்ததும் மனசு சங்கடப்பட்டது. ஆனால் மே முதல் வாரத்தில் ரோஜா இல்லை, ஊர்வலமும் இல்லை, சங்கும் இல்லை. என் 34 வருஷ சர்வீஸில் ஜூன் முதல் வாரம் ஒருமுறைகூட எனக்குச் சொந்தமாக இருந்ததில்லை. புதுச் சேர்க்கை, பாடப்புத்தகம், டி.சி., அழுகிற பிள்ளை, அதைவிட அதிகமாக அழுகிற அம்மா. இப்போதுதான் அந்த வாரம் என் கைக்கு வந்திருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன். நீங்கள் நால்வரும் எங்களோடு வந்துவிட்டு மே 30 கிளம்புங்கள். எழுத்து விழாவும் ரோஜாவும் உங்களுக்குக் கிடைத்துவிடும். சங்கொலியை உங்கள் ரிட்டயர்மென்ட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறை விஷயங்கள். சோபியாவில் மழை அதிகம் பெய்யும் மாதங்களே மேயும் ஜூனும்தான். மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும், குடை கட்டாயம். மற்றபடி இதமான குளிர், இரவு எட்டரை மணிக்கும் வெளிச்சம். ரிலா ஏழு ஏரிகளைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பையன் எழுதியிருந்தான். மேலே அப்போதும் பனி கிடக்கும், அதற்கு ஜூலைதான் சரி. ரிலா மடாலயத்துக்கு மட்டும் போவோம். கருங்கடலும் அப்போது குளிர்ந்துதான் இருக்கும், விட்டுவிடலாம். பிளோவ்டிவ் பழைய ஊரில் ரோமானிய அரங்கம் அழகு, ஆனால் தெருவெல்லாம் உருண்டைக்கல். செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ வாங்கிக்கொள்ளுங்கள். மதினி, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. தாராத்தோர் என்று ஒன்று: தயிரில் வெள்ளரிக்காய், பூண்டு, வால்நட் போட்டுக் குளிரக் குளிரத் தருவார்கள். நம் வெள்ளரிப் பச்சடியின் ஒன்றுவிட்ட தங்கச்சி. தயிரை உறைய வைக்கும் பாக்டீரியா ஒன்றுக்கு அந்த நாட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள், அதுவரை காத்திருக்கிறவர்களை நான் சேர்த்துக்கொள்ள மாட்டேன். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். ஊர் திரும்பும் நாளுக்குப் பிறகும் பாஸ்போர்ட்டுக்கு மூன்று மாதம் உயிர் இருக்க வேண்டும். இன்றே எடுத்துப் பாருங்கள்.

கூட வருகிறவர்களுக்கு ஒரு நிபந்தனை. பல்கேரிய எழுத்து மொத்தம் 30. நம் உயிர் 12, மெய் 18 கூட்டினாலும் 30தான்! எல்லோரும் படித்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். தெரிந்த ஆங்கில எழுத்து மாதிரியே இருந்து ஏமாற்றும்: எச் போல இருப்பது ‘ந’, சி போல இருப்பது ‘ஸ’. படிக்காமல் போனால் ஹோட்டல் பலகையைப் ‘பெக்டோபாட்’ என்று வாசிப்பீர்கள். அங்கே எழுதியிருப்பது ‘ரெஸ்டோரன்ட்’. தலையாட்டலிலும் கவனம். அவர்கள் இடம் வலமாக ஆட்டினால் சரி, மேலும் கீழும் ஆட்டினால் இல்லை.

வருகிறவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். எழுத்து அட்டையை ஞாயிற்றுக்கிழமை குழுவில் போடுகிறேன். ஏப்ரலில் சொல்வதெழுதுதல் உண்டு. தம்பி மகனே, உனக்கும்தான்.