சீன மொழி பட்டம் கையில்... பத்து வாரம் லீவு... மகள் என்ன செய்யலாம்?

இந்த வாரம் இன்பாக்ஸில் வந்த கேள்வி ஓர் அம்மாவுடையது.

“பொண்ணு டெல்லியில சீன மொழி பி.ஏ. முடிச்சுட்டு வீட்டுக்கு வந்திருக்கா. ஆகஸ்ட்ல எம்.ஏ. சேரணும். அதுவரைக்கும் சும்மாதான். பேசிப் பார்க்க இங்கே ஒரு ஆள் கிடையாது. மூணு வருஷம் படிச்சது மறந்துடுமோன்னு அவளுக்குப் பயம். ‘இதைப் படிச்சு என்ன பண்ணப்போறே’ன்னு சொந்தக்காரங்க கேட்கிறப்போ எனக்கும் பதில் தெரியலை. இந்த லீவுல ஏதாவது கோர்ஸ் சேர்க்கலாமா?”

அம்மா, முதல் வாரம் அவரைத் தூங்க விடுங்கள். மீதி ஒன்பது வாரத்துக்குப் புதிதாக எந்த கோர்ஸும் தேவையில்லை. படித்ததைக் கையிலும் காதிலும் வைத்திருந்து, ஒரே ஒரு வேலையை முழுசாக முடித்தால் போதும். எப்படி என்று தங்கைக்கே நேராகச் சொல்லிவிடுகிறேன்.

கை மறக்கும்

உங்கள் பயம் நியாயமானதுதான். சீனர்களுக்கே அது இருக்கிறது. பேனாவை எடுத்ததும் எழுத்து மறந்துபோவதைக் குறிக்க அவர்கள் மொழியில் தனிச் சொல்லே உண்டு. காரணம் செல்போன். உச்சரிப்பை ரோமன் எழுத்தில் தட்டினால் சீன எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கும். சரியானதைத் தொட்டால் வேலை முடிந்தது. கண்ணுக்கு எழுத்து தெரியும், கைக்குத் தெரியாது.

சீன அரசு 2013-ல் வெளியிட்ட பொது எழுத்துப் பட்டியலில் 8,105 எழுத்துகள். அதில் அன்றாடத் தேவைக்கான முதல் அடுக்கு மட்டும் 3,500. தினமும் இருபது நிமிடம் கோடு போட்ட நோட்டில் பேனாவால் எழுதுங்கள். புதிய எழுத்து வேண்டாம், தெரிந்தவற்றையே எழுதுங்கள்.

காதுக்கும் வாய்க்கும் இன்னோர் இருபது நிமிடம். ஒரு சீன நிகழ்ச்சியை ஓடவிட்டு, பேசுபவரோடு சேர்ந்து அதே ஏற்ற இறக்கத்தில் நீங்களும் பேசுங்கள். ‘மா’ என்பதைச் சொல்லும் தொனியைப் பொறுத்து அம்மா, சணல், குதிரை, திட்டுவது என்று நான்கு அர்த்தம் வரும் மொழி இது. பழக்கம் விட்டால் அம்மா குதிரையாகிவிடுவார்!

வேலைக்கு உதவும் ஒன்று

சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்விக்கு ஒரு பதில் ஸ்ரீபெரும்புதூர் பக்கமே இருக்கிறது. அங்குள்ள பெரிய மின்னணுத் தொழிற்சாலைகளில் தைவான் நிறுவனங்களுடையவை உண்டு. சீன மொழி தெரிந்தவர்களுக்கு அங்கே தேவை இருக்கிறது.

ஆனால் ஒரு சிக்கல். சீனாவில் பழக்கத்தில் இருப்பது எளிமையாக்கப்பட்ட எழுத்து. அதைப் படித்துவிட்டு வருபவர் தைவானின் பழைய முழு வடிவத்தைப் பார்த்தால் திகைத்துப்போவார். அதே குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவில் மூன்று கோடு, தைவானில் பத்து கோடு. எழுதக் கற்க வேண்டியதில்லை, வாசிக்கப் பழகினால் போதும். மாற்றங்களில் பல ஒரே மாதிரியானவை என்பதால் சீக்கிரம் பிடிபடும். தினமும் ஒரு தைவான் செய்தியை வாசியுங்கள்.

ஹெச்.எஸ்.கே. தேர்வு? சீனப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும். விண்ணப்பிக்கும் திட்டம் இருந்தால் எழுதுங்கள். சும்மா சான்றிதழுக்காக இப்போதே எழுதி வைத்தால், தேவைப்படும்போது அது காலாவதியாகியிருக்கும்.

இனி அந்த ஒரே வேலை

ஒரு சீனச் சிறுகதையை, ஆங்கிலப் பக்கமே போகாமல், நேராகத் தமிழுக்குக் கொண்டுவாருங்கள்.

ஏன் நேராக? தமிழில் நாம் வாசித்த சீனக் கதைகள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாக வந்தவை. அந்த வழியில் என்ன தொலைகிறது தெரியுமா? சீனத்தில் அப்பாவின் அண்ணன் ‘போபோ’, அப்பாவின் தம்பி ‘ஷுஷு’, அம்மாவின் சகோதரர் ‘ஜியோஜியோ’. ஆங்கிலத்தில் மூவருமே அங்கிள். நம்மிடமோ பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமா என்று மூன்று சொல்லும் தயாராக இருக்கின்றன. ‘நீ’க்கு ‘நி’, மரியாதையான ‘நீங்க’ளுக்கு ‘நின்’. வடசீனப் பேச்சில் ‘ஸான்மென்’ என்றால் கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’. ‘நாங்கள்’ என்று பிரித்துச் சொல்ல ‘வோமென்’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

இது புதிய பாதையும் அல்ல. இந்திய வெளியுறவுப் பணி அதிகாரியான ஸ்ரீதரன் மதுசூதனன் ‘பயணி’ என்ற பெயரில், சீனாவின் மிகப் பழைய கவிதைத் தொகுப்பான ஷிஜிங்கிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்து ‘வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை’ என்ற நூலைத் தந்திருக்கிறார். ஆனால் இந்த வழியில் நடந்தவர்கள் மிகக் குறைவு.

எந்தக் கதை? என் பரிந்துரை லூ ஷுன் 1919-ல் வெளியிட்ட ‘கோங் யிஜி’. அச்சில் சில பக்கங்கள்தான். படித்தும் தேர்வில் தேறாத ஒருவர், கிழிந்த நீள அங்கியைக் கழற்ற மனமில்லாமல் மதுக்கடைக்கு வந்துபோகிறார். ஓர் எழுத்தை நான்கு விதமாக எழுதத் தெரியும் என்பது அவர் பெருமை. ஊரே அவரைப் பார்த்துச் சிரிக்கிறது. 2023-ல் சீனாவில் வேலை கிடைக்காத பட்டதாரிகள், ‘எங்கள் பட்டமும் அந்த அங்கி மாதிரிதான்’ என்று இணையத்தில் இந்தக் கதையைத் திரும்பப் பேச ஆரம்பித்தார்கள். ‘இதைப் படிச்சு என்ன பண்ணப்போறே’ என்ற கேள்வி அங்கேயும் இருக்கிறது.

தினமும் மூன்று நான்கு வாக்கியம் போதும். முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். அந்தக் கடையை என்னவென்று எழுதுவது? சாராயக்கடை என்றால் நம்மூர் வாடை அடிக்கும். ஒயின் ஷாப் என்றால் டாஸ்மாக் கண்ணுக்கு முன்னால் வரும். அங்கே விற்பது சுடவைத்த அரிசி மது. ஒரு சொல்லுக்காக அரை நாள் போகும். போகட்டும். அந்த அரை நாளில் பரீட்சைக்குப் படித்ததைவிட அதிகமாகச் சீனமும் படிப்பீர்கள், தமிழும் படிப்பீர்கள்.

ஐந்து வாரம் முதல் வரைவு, இரண்டு வாரம் திருத்தம். முடித்ததை ஒரு வாரம் ஓரமாக வைத்துவிட்டு, கடைசி வாரத்தில் மறுபடி எடுத்துப் பாருங்கள். நாளை ஒரு வேலைக்கோ ஆய்வுக்கோ விண்ணப்பிக்கும்போது, ‘சீனம் தெரியும்’ என்று எழுதுவதோடு நிற்காமல் இந்தக் கதையையும் சேர்த்து அனுப்பலாம்.

அம்மாவுக்கு ஒரு வேலை

‘பேச ஆள் இல்லை’ என்று எழுதியிருந்தீர்கள். சீனத்தில் பேச உங்களால் முடியாதுதான். ஆனால் அவர் எழுதும் தமிழைக் கேட்க உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அன்றைக்கு எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள். ‘நம்ம ஊர்ல இப்படிப் பேச மாட்டாங்களே’ என்று தோன்றும் இடத்தில் நிறுத்திச் சொல்லுங்கள்.

அடுத்த முறை சொந்தக்காரர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டால், கதையை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.