கேக்கும்போதே வித்துடுங்க மக்களே!

சேலையூர்ல வாங்கிப் போட்ட அரை கிரவுண்டை "இப்ப விக்காதடா, ஏறும்"பார் அப்பா. நிலத்துக்கு சரி. சைட்டுக்கும் அதே கணக்கைப் போட்டது என் தப்பு. காலேஜ்ல ஆரம்பிச்ச செமஸ்டர் நோட்ஸ் சைட்டை 2019-ல் ஒருத்தர் நாற்பதாயிரத்துக்குக் கேட்டார். ஒரு லட்சம்னேன். அப்புறம் பசங்க டெலிகிராமுக்குப் போயிட்டாங்க. இப்ப டொமைனுக்கே கைக்காசு. (அப்பாகிட்ட சொல்லலை, ஹி ஹி.)

ராஜேஷ் ஜெயினைப் பாருங்க. சமாச்சார், கோஜ், பாவர்ச்சின்னு சைட்கள் வெச்சிருந்த இந்தியாவேர்ல்டை, 1999 நவம்பர்ல நம்ம சென்னை சத்யம் இன்ஃபோவே 499 கோடிக்குக் கேட்டப்ப ஒத்துக்கிட்டார். 2000-ல் டாட்காம் குமிழி உடைஞ்சுது. அதிர்ஷ்டம்னு சொல்றாங்க. இருக்கட்டுமே, கேட்டப்ப குடுத்தாரில்ல? ஆனா விலையை ஷேரா தர்றேன்னா உஷார். வாங்கின கம்பெனியோட ஷேரும் அந்தச் சரிவுல விழுந்துச்சு.

அந்த நாற்பதாயிரக்காரர் நம்பர் இன்னும் போன்ல இருக்கு. கூப்பிடத்தான் வெக்கமா இருக்கு.