தியானத்திற்கும் துணை வேண்டும்

ஆண்டுத் தியானம் முடிந்த அன்று, நாள்தோறும் பத்து நிமிடம் மௌனமாய் அமர்வதென நாம் உறுதி பூண்டோம். காலாண்டுத் தேர்வு வருமுன்னரே அவ்வுறுதி காற்றோடு போயிற்று. மனமில்லாமல் அன்று, துணையும் கேட்பாரும் இல்லாமையால்தான்.

நம் அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர், இயேசு சபைக் குரு. அச்சபையின் தந்தை புனித இஞ்ஞாசியார், 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற தம் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில், தியானிப்பவருக்கு வழிகாட்டி ஒருவரையும் வைத்தார். குளித்தலைக்கு அருகே காவிரிக்கரையில் 1950-இல் தொடங்கப்பட்ட சாந்திவன ஆசிரமத்திலும், தனிமையில் தியானிப்போர் நாளும் பொதுச் செபத்திற்கு ஒன்றுகூடுகின்றனர். துறவியருக்கே துணை வேண்டுமெனில், நமக்கு வேண்டாமா?

எனவே வெள்ளிதோறும் சிற்றாலயத்தில் கால்மணி நேரம் கூடுவோம். மாலையில் பெரம்பலூர்ப் பேருந்தைப் பிடிக்க ஓடும் தோழியரை எண்ணி, மதிய இடைவேளையிலேயே கூடுவோம். அருட்சகோதரி ஒருவர் வழிகாட்டட்டும். அமரத் தவறிய நாட்களையும் அங்கே ஒளிக்காமல் சொல்வோம். பிற சமயத் தோழியரும் விரும்பினால் வரட்டும். மௌனம் எல்லாருக்கும் பொது. பெற்றோரே, வீட்டில் அந்தப் பத்து நிமிடம் தொலைக்காட்சியை நிறுத்தி உதவுங்கள்.

அடுப்பிலிருந்து விலகிய கங்கு விரைவில் கரியாகும். சேர்ந்திருக்கும் கங்குகளே கனலும்.