முதல் ஓட்டம் வெள்ள நாளில் வேண்டாம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழை என்றால் காயல்பட்டினத்தின் 95 சென்டிமீட்டர்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். அதே 24 மணி நேரத்தில், கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி இருக்கிற கோவில்பட்டியிலும் அரை மீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. வருஷம் முழுக்க வானத்தைப் பார்த்துக் கிடக்கிற கரிசல் காட்டில், உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் நின்ற புஞ்சைகள் ஒரே ராத்திரியில் குளமாயின. கண்மாய்கள் மறுகால் பாய்ந்தன. கரை உடைந்தவையும் உண்டு.

அந்த வாரம் நாம் எல்லாரும் பார்த்த இரண்டு காட்சிகளைச் சொல்கிறேன். ஒன்று, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துப் போயிருந்தது. தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் ரப்பர் படகுகளோடு வந்துசேர்ந்தார்கள், விமானப்படை ஹெலிகாப்டரில் உணவு போட்டது. இன்னொன்று, தூத்துக்குடி மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு தெருக்களுக்குள் வந்து ஆட்களைக் கரை சேர்த்தது. தொழிலே தண்ணீரில் என்று இருப்பவர்களுக்கு என்ஜினும் கயிறும் கைவந்த விஷயம்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு பக்கம் அந்தக் கைகள் இல்லை. கடற்கரையிலிருந்து வரலாம் என்றால், அன்று சாலைகளே துண்டுபட்டுக் கிடந்தன. அரக்கோணத்திலிருந்து பேரிடர் மீட்புப் படை வந்துசேர நேரம் பிடிக்கும். முதல் பத்து மணி நேரம் உள்ளூர் ஆட்களை நம்பித்தான் இருக்கிறது. அவர்கள் கையில் ஒரு ரப்பர் படகும் மோட்டாரும் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற போக்கை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ஒரு கிட்டங்கியில், வாங்கிய நாளில் கட்டி வந்த பாலித்தீன் உறை பிரிக்கப்படாமலே ஒரு படகு கிடந்தது. அடியில் எலி கடித்திருந்தது. அந்தப் படகு முதன்முதலாகத் தண்ணீரைத் தொடும் நாள் வெள்ள நாளாக இருந்தால், அதில் ஏறுகிறவர்களைக் காப்பாற்ற இன்னொரு படகு தேவைப்படும்.

ஆகவே நான் வலியுறுத்துவது இதுதான்: முதல் ஓட்டம் அடங்கிய தண்ணீரில், பகல் வெளிச்சத்தில், அவசரமே இல்லாத ஒரு நாளில் நடக்க வேண்டும். கரிசலில் அந்த நாள் தை மாதத்தில் வருகிறது. மழை ஓய்ந்து, கண்மாய் நிறைந்து, வரத்து நின்றிருக்கும். பருவமழைக்கு முன்னேற்பாடு என்று புரட்டாசியில் ஒத்திகை வைக்கிறார்கள். புரட்டாசியில் நம் கண்மாய்களில் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும், படகை எங்கே விடுவது?

வறண்ட கண்மாயும் ஒரு வசதிதான். கடலோரத்தில் இருப்பவருக்குத் தன் படகின் கீழே என்ன இருக்கிறது என்று நடந்து பார்க்க வழியில்லை. நமக்கு ஆடியிலும் ஆவணியிலும் கண்மாயின் அடிமடி முழுவதையும் காலால் அளந்துவிடலாம். அப்படி நடக்கும்போது முதலில் குறிக்க வேண்டியது சீமைக்கருவேலம். ரப்பர் படகுக்கு இந்த மண்ணில் முதல் எதிரி இந்த முள்தான். மாட்டு வண்டிச் சக்கர டியூபையும் டிராக்டர் டயரையும் பதம் பார்க்கிற முள், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனே உள்ள படகுத் துணியை விட்டுவைக்குமா? கண்மாய் நிறைந்த பிறகு மரத்தின் தலை மட்டும் தெரியும், அல்லது அதுவும் தெரியாது. வெட்டிய மரமானால் இன்னும் மோசம், கூர்மையாகச் சீவிய கட்டை தண்ணீருக்குள் நிமிர்ந்து நிற்கும். அடுத்து, கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறுகள், எல்லைக்கல், முள்கம்பி, மண் அள்ளிய பள்ளங்கள். படகு கிணற்றின் மேல் மிதந்து போய்விடும், படகை இழுத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வருகிற ஆள் அதற்குள் போய்விடுவார். ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நடந்து, ஒரு தாளில் வரைந்து வைத்தால் போதும். மீன்பாசி ஏலம் எடுத்தவரிடமும் பேசி வைக்க வேண்டும். அவர் விரித்த வலை எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் மோட்டாரை ஓட்டினால் புரொப்பல்லரில் சுற்றிக்கொள்ளும், அவருடைய பிழைப்பும் கெடும்.

கண்மாயில் இரண்டு இடங்களுக்குப் பக்கத்திலேயே போகக் கூடாது. ஒன்று, திறந்திருக்கிற மடை. மேலே தண்ணீர் அசையாமல் இருப்பதுபோல் தெரியும், கீழே இழுவை இருக்கும். மற்றது கலுங்கு. மறுகால் பாயும்போது கலுங்குக்கு மேல்பக்கத்து நீர் வழுவழுவென்று அமைதியாக நகரும். என்ஜின் நின்ற படகு அதன் மேல் சத்தமில்லாமல் நழுவிப் போகும். கலுங்கைத் தாண்டி விழுகிற நீர், கீழே சுருண்டு திரும்பிச் சுவரடிக்கே வந்து மறுபடி விழும். அந்தச் சுருளில் அகப்பட்டவரை, லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும், அது சுவரை நோக்கியே இழுத்துக்கொண்டிருக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் அணைக்கட்டுகளுக்குக் கீழே சாவது இப்படித்தான். இரண்டடி உயரத்தில் விழுகிற தண்ணீர்தானே என்று யாரும் இறங்கக் கூடாது. மறுகால் பாய்வது நிற்கும் வரை அந்தக் கண்மாயில் பயிற்சி இல்லை என்பது என் கண்டிப்பு.

இனிப் படகு. காற்றறைகள் மூன்று நான்கு இருக்கும். ஒன்றை முழுதாக ஊதிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எல்லாவற்றையும் பாதிப் பாதியாக ஏற்றிக் கடைசியில் சமப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் இடைத்தடுப்பு ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டுப் பிய்யும். கோவில்பட்டி வெயிலுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. பக்கக் குழாய்க்கு வழக்கமான அழுத்தம் கால் பார் அளவு. காற்று 30 டிகிரியாக இருக்கும்போது அந்த அளவுக்கு அடித்து, கரையில் வெயிலில் போட்டு உள்ளே இருக்கிற காற்று 60 டிகிரிக்குச் சூடேறினால் அழுத்தமானி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காட்டும். ஒட்டு விடுவது அப்போதுதான். வேப்பமர நிழலில் காற்றடித்து, தண்ணீரில் இறக்கிய பிறகு மறுபடி பார்த்து ஏற்ற வேண்டும், ஏனென்றால் தண்ணீர் பட்டதும் காற்று குளிர்ந்து படகு தொய்யும். சோப்புத் தண்ணீரைத் துணியில் தொட்டு வால்வு, ஒட்டு எல்லாவற்றிலும் தடவினால் கசிவு குமிழியாகக் காட்டிக்கொடுக்கும். இதையெல்லாம் முதல் நாள் மாலையே செய்து, ஒரு ராத்திரி அப்படியே விட்டுக் காலையில் பார்ப்பது நல்லது.

என்ஜின் விஷயத்தில் வறண்ட ஊருக்கே உரிய ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. தண்ணீர் இல்லையே என்று தரையில் ஸ்டாண்டில் மாட்டிக் கயிற்றை இழுத்து ஓட்டிக் காட்டுவார்கள். அவுட்போர்டு மோட்டார் தன்னைச் சுற்றியிருக்கிற தண்ணீரை உறிஞ்சித்தான் குளிர்ச்சியடைகிறது. உறிஞ்சுகிற பம்பில் இருப்பது ரப்பர் இம்பெல்லர். தண்ணீர் இல்லாமல் சுற்றினால் கொஞ்ச நேரத்திலேயே அது உரசிக் கருகும். அந்தச் சேதம் வெளியே தெரியாது, வெள்ளத்தின் நடுவில் என்ஜின் சூடாகிச் சிக்கும்போதுதான் தெரியும். ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரின் கால் முழுவதும் முங்கும்படி வைத்து, நியூட்ரலில் ஓட்டிப் பார்க்கலாம். ஓடத் தொடங்கியதும் பின்பக்கத்துச் சிறு துளையிலிருந்து தண்ணீர் கோடாகப் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சாவிட்டால் உடனே அணைத்துவிட வேண்டும். கரிசல் தண்ணீரில் இது இரட்டிப்பு முக்கியம். ஆழம் குறைந்த இடத்தில் புரொப்பல்லர் கிளப்புகிற கறுப்புக் கூழ் அந்தத் துளையை அடைத்துவிடும். ஓட்டுகிறவர் அடிக்கடி திரும்பி அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மெல்லிய கம்பி கைவசம் இருக்கட்டும், துளையைக் குத்திவிட உதவும்.

பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்று பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்தது. கேனில் மாதக்கணக்கில் வைத்தால் ஈரத்தை உறிஞ்சும், கார்புரேட்டரில் பிசின் படியும். பயிற்சி முடிந்ததும் டேங்கைக் காலி செய்து வைத்துவிட்டு, தேவைப்படும்போது புதிதாக ஊற்ற வேண்டும். டூ-ஸ்ட்ரோக் என்ஜினுக்குப் பொதுவான கலவை 50-க்கு 1, அதாவது 10 லிட்டருக்கு 200 மில்லி ஆயில். உங்கள் என்ஜினின் கையேடு வேறு அளவு சொன்னால் அதன்படி செய்யுங்கள். பழைய ஸ்கூட்டர் ஆயில் இதற்கு ஆகாது. நீரால் குளிரும் என்ஜினுக்கான டிசி-டபிள்யூ3 வகை ஆயிலே வேண்டும். டேங்க் மூடியில் இருக்கிற காற்றுத் திருகைத் திறக்க மறந்து, ‘ஸ்டார்ட் ஆகி ரெண்டு நிமிஷத்தில் நின்னுபோகுது சார்’ என்று வருகிறவர்களே அதிகம்.

இறக்கும் இடம் படித்துறையாகவோ, கல் பாவிய கரையாகவோ இருக்கட்டும். நனைந்த கரிசலில் கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே வாங்கும், சுமார் 50 கிலோ எடையுள்ள 25 குதிரைத்திறன் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அதில் நடக்க முடியாது. டிராக்டரும் அங்கே மாட்டிக்கொள்ளும். காற்றின் திசையையும் பார்த்துத்தான் கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தையில் வாடை வடகிழக்கிலிருந்து வீசும். தென்மேற்குக் கரையிலிருந்து இறங்கினால், என்ஜின் நின்றாலும் காற்றே அந்தக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். படகுக்குள் இரண்டு துடுப்பு, நீளமான கயிறு, நங்கூரம், காற்றடிக்கிற பம்பு, விசில். கரையில் இன்னொரு கயிறோடு இரண்டு பேர், அவர்கள் கையில் போன்.

முதல் முறை மூன்று பேருக்கு மேல் வேண்டாம். ஒருவர் மட்டும் பின்னால் உட்கார்ந்து திராட்டிலைத் திருகினால், முன்பக்கம் வெறுமையாகத் தூக்கி, எதிர்க்காற்றில் படகு பின்பக்கமாகவே கவிழக்கூடும். ஒரு ஆள் முன்னால் தரையில் உட்கார வேண்டும், குழாயின் மேல் உட்காரவே கூடாது. என்ஜினை நிறுத்துகிற கில் ஸ்விட்ச் கயிறு ஓட்டுகிறவரின் தொடையிலோ மணிக்கட்டிலோ மாட்டப்பட்டிருக்க வேண்டும். அவர் தண்ணீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு என்ஜின் நிற்கும். மாட்டாவிட்டால் ஆளில்லாத படகு வட்டம் போட்டுச் சுற்றி, விழுந்தவர் மேலேயே புரொப்பல்லரோடு திரும்பி வரும்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி வாதமே கிடையாது. எல்லாரும் கரையிலேயே மாட்டி, பட்டைகளை இறுக்கி, ஒருவர் மற்றவரின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். முகவாய்க்கு மேல் ஏறினால் அது அவருக்குப் பெரிசு. 2014 பிப்ரவரியில் நம் மாவட்டத்து மணப்பாட்டுக் கடலில் உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து பலர் செத்தார்கள். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் 22 பேர். இரண்டிலும் படகு கொள்ளாத அளவுக்கு ஆளேற்றியிருந்தார்கள். ரப்பர் படகின் பின்பலகையில் எத்தனை பேர், எத்தனை கிலோ என்று தகடு அடித்திருக்கும். வெள்ளத்தில் கையை நீட்டுகிறவர்களை விட்டுவர மனம் வராது, அது எனக்கும் தெரியும். இரண்டு நடையாகப் போகலாம் என்று சொல்லும் திடம் பயிற்சியில்தான் வரும்.

முதல் நாள் ஓட்டத்தில் வேகம் எதற்கு? கிளம்புவது, நேராகப் போவது, திரும்புவது, நிற்பது, துடுப்புப் போட்டே கரைக்கு வருவது. இதற்குப் பிறகு, ஒருவரை ஜாக்கெட்டோடு தண்ணீரில் இறக்கி, தூக்கிப் பழகுவது. காற்றுக்கோ நீரோட்டத்துக்கோ எதிராக மெதுவாக வந்து, ஆள் பக்கத்தில் தெரிந்ததும் என்ஜினை அணைத்துவிட வேண்டும். நியூட்ரல் போதாது, கை பட்டால் கியர் விழும். விழுந்தவரின் முதுகு படகின் குழாயை ஒட்டியிருக்கும்படி திருப்பி, ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து, ஒரு தடவை கீழே அமுக்கி, அது மேலே எழும்புகிற வேகத்திலேயே உள்ளே இழுக்க வேண்டும். தனியாளாக 80 கிலோ ஆளை இப்படி ஏற்றிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த அமுக்குத் தெரியாதவர்கள் மூன்று பேர் சேர்ந்தும் திணறுவார்கள்.

கரிசல்காட்டு ஆளுக்குப் படகு வருமா என்று கேட்கிறவர்களுக்கு: பிரிட்டனில் ஆர்என்எல்ஐ என்ற தன்னார்வ மீட்பு அமைப்பு 1963 முதல் சிறிய ரப்பர் படகுகளை ஓட்டிவருகிறது. அதன் தன்னார்வலர்களில் கடல்தொழில் பின்னணி உள்ளவர்கள் பத்தில் ஒருவர்தான். மற்றவர்கள் நம்மைப்போல் தரையில் பிழைப்பவர்கள், தவறாமல் பயிற்சிக்கு வருகிறவர்கள். தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கிற பையனும், மிளகாய்க் காட்டுக்காரரும், ஆப்த மித்ரா போன்ற பேரிடர்த் தன்னார்வலர் திட்டங்களில் சேர்கிற கல்லூரிப் பெண்ணும் ஒரு தை மாதத்து நான்கு ஞாயிறுகளில் இதைக் கற்றுக்கொள்வார்கள்.

மழை பொய்த்துக் கண்மாய் நிறையாத வருஷமும் வரும். அந்த வருஷம் படகை லாரியில் ஏற்றி வேம்பாருக்கோ தூத்துக்குடிக்கோ கொண்டுபோய், கடல் அடங்கிய ஒரு காலையில், மீனவர்களிடமே கற்றுக்கொள்ளலாம். 2023-இல் தூத்துக்குடித் தெருக்களுக்கு வள்ளம் கொண்டுவந்தவர்கள் அவர்கள். ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டு நமக்குச் சொல்லித்தர வரும்போது, அவர்களுக்குரிய அன்றைய கூலியைப் பயிற்சிச் செலவுக் கணக்கின் முதல் வரியாகவே நகராட்சியும் ஊராட்சி ஒன்றியமும் எழுத வேண்டும்.

(கட்டுரையாளர்: ஓய்வுபெற்ற தீயணைப்பு நிலைய அலுவலர், வெள்ள மீட்புப் பயிற்றுநர்)