எட்டுப் போட்டால் போதுமா?

மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் வாங்குவது பெரும்பாடாக இருக்கிறது என்று குறைப்படுகிறவர்கள் அநேகர். காலையில் போய் வரிசையில் நின்றால் பொழுது உச்சிக்கு வந்துவிடுகிறது, அதிகாரி வரவில்லை, அதிகாரி வந்தால் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, கம்ப்யூட்டர் வேலை செய்தால் ஏதோ ஒரு காகிதம் குறைகிறது. இவையெல்லாம் நியாயமான குறைகளே. ஆனால் என் குறை வேறு. லைசென்ஸ் கொடுப்பதற்கு முன் வைக்கிற பரீட்சை வெகு சுலபமாக இருக்கிறது என்பதே அது. சுலபமாக இருப்பதைக்கூட மன்னித்துவிடலாம். அது பரீட்சிக்க வேண்டியதைப் பரீட்சிக்காமல் வேறு எதையோ பரீட்சிக்கிறதே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஒருவனுக்கு நீச்சல் தெரியுமா என்று பார்க்கக் குளத்துப் படிக்கட்டில் வழுக்காமல் இறங்குகிறானா என்று மட்டும் பார்த்துவிட்டு, "சரி, போ, நடுக் குளத்துக்குப் போகலாம்" என்று சொல்வதுண்டா?

தமிழ்நாட்டில் இந்தப் பரீட்சைக்கு ஜனங்கள் வைத்திருக்கும் பெயரே விஷயத்தைச் சொல்லிவிடும். "எட்டுப் போடுவது" என்பார்கள். "தம்பி எட்டுப் போட்டுட்டானா?" என்று கேட்டால் "லைசென்ஸ் வாங்கிவிட்டானா?" என்று அர்த்தம். மைதானத்தில் எட்டு என்ற இலக்கத்தின் வடிவத்தில் ஒரு பாதை. அதில் காலை ஊன்றாமல், கோட்டைத் தாண்டாமல் வண்டியைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். ஒரு நிமிஷம் ஆகாது. பெரும்பாலான இடங்களில் அத்துடன் முடிந்தது. அந்த ஒரு நிமிஷத்தை வைத்து, பல ஆண்டுகளுக்குச் சாலையில் ஓட்டும் உரிமை.

எட்டை நான் பழிக்கவில்லை. அது ஓர் அழகான வித்தை. முதல் கியரில், மனிதன் நடக்கிற வேகத்தில் வண்டியைச் சுழற்றுவது பார்ப்பதற்குத்தான் எளிது. முதல் நாள் போகிறவன் முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். வண்டியும் அவன் பார்க்கிற இடத்துக்கே போய்க் கோட்டில் ஏறும். கண்ணைத் தூக்கி, வளைவு எங்கே முடிகிறதோ அங்கே பார்க்க வேண்டும். கழுத்துத் திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் ஹாண்டில்பார் திரும்பும். வேகத்தை ஆக்ஸிலரேட்டரால் குறைக்கக் கூடாது. அதைக் கொஞ்சம் திருகிய நிலையிலேயே வைத்துக்கொண்டு, கிளட்சைப் பாதி விட்டும் பிடித்தும், பின் பிரேக்கை லேசாக மிதித்தும் ஓட்ட வேண்டும். இடது கை விரல்களுக்கும் வலது கால் பாதத்துக்கும் இப்படி ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டுவிட்டால், வண்டி யானைக்குட்டி மாதிரி சொன்ன சொல் கேட்கும். நெரிசலான கடைத்தெருவில், மாட்டு வண்டிக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் ஊர்ந்து போக இந்த வித்தை அவசியம். ஆகவே எட்டு இருக்கட்டும். எட்டு மட்டுமே இருப்பதுதான் என் வழக்கு.

ஏனென்றால், எட்டுப் போடத் தெரியாததனால் யாரும் சாலையில் சாவதில்லை. நடக்கிற வேகத்தில் விழுந்தால் முழங்கால் சிராய்க்கும். ஆளைக் கொல்வது வேகத்தில் போகும்போது நிறுத்தத் தெரியாததும், எதிரே வருகிறவன் என்ன செய்வான் என்று ஊகிக்கத் தெரியாததும். இந்த இரண்டில் ஒன்றைக்கூட எட்டு தொடுவதில்லை.

சட்டம் சரியில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆவது விதியை எடுத்துப் படித்துப் பாருங்கள். பரீட்சைக்கு வருகிறவன் என்னென்ன செய்து காட்ட வேண்டும் என்று அதில் ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சரி செய்துகொள்ள வேண்டும். கடைசிக் கியர் வரை போட்டுக் காட்ட வேண்டும். நெரிசலைக் கண்டால் உடனே கீழ்க் கியருக்கு இறங்க வேண்டும். செங்குத்தான மேட்டில் நிறுத்தி, வண்டி பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். முந்த வேண்டும், முந்துகிறவனுக்கு வழிவிட வேண்டும். ஆபத்து நேரத்தில் வண்டியைப் பத்திரமாக நிறுத்த வேண்டும். பாதசாரிகள் கடக்கும் இடத்தில் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும். இப்படிப் போகிறது அந்தப் பட்டியல். அதை எழுதியவர் யாரோ, சாலையில் போய் வந்த மனிதர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவ்வளவு பெரிய பட்டியல் மைதானத்துக்கு வந்து சேர்வதற்குள் தேய்ந்து தேய்ந்து ஒரே ஓர் இலக்கமாகிவிட்டது. புதுச் சட்டம் ஒன்றும் வேண்டாம். இருக்கிற விதியை நடத்துங்கள் என்றுதான் நான் கேட்கிறேன்.

பிரேக் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஓர் உபதேசம் உண்டு. "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும்!" சைக்கிள் காலத்தில் பிறந்த இந்த உபதேசம் மோட்டார் சைக்கிள் காலத்திலும் சாகாமல் இருக்கிறது. என் தங்கை மகன் சேர்ந்த பயிற்சிப் பள்ளியில் முதல் நாள் பாடமே இதுதான். பதினைந்து நாள் எட்டுப் போட்டான், பரீட்சையிலும் போட்டான். "மாமா, ஒரு தடவைகூடக் கால் ஊன்றலை!" என்று குதித்துக்கொண்டு வந்தான். அடுத்த வாரம் தெருமுனையில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. கற்றுக்கொடுத்தபடியே பின் பிரேக்கை மட்டும் முழு பலத்துடன் மிதித்தான். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் வழுக்க, பையனும் வண்டியும் தனித்தனியாகப் போய் விழுந்தார்கள். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. பையனுக்கு ஹெல்மெட் இருந்ததால் முழங்கை மட்டும் போயிற்று. அவனைக் கோபிப்பதில் என்ன பிரயோஜனம்? பரீட்சையில் கேட்காத கேள்விக்கு அவன் எங்கே விடை படித்திருக்கப் போகிறான்?

விஷயம் சாதாரணமானது. பிரேக் பிடித்ததும் வண்டியின் கனமெல்லாம் முன்பக்கம் சாய்கிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். கனம் முன்னே போனால் முன் சக்கரம் தரையை இறுகப் பிடிக்கிறது. பின் சக்கரம் பிடிப்பை இழக்கிறது. ஆகவே நிறுத்தும் சக்தியில் பெரும் பங்கு முன் பிரேக்கிடம்தான் இருக்கிறது. அதை வெடுக்கென்று பிடித்தால் தூக்கி எறியும் என்பது வாஸ்தவம். சிறிது சிறிதாக அழுத்திக்கொண்டே போனால் எறியாது, நிறுத்தும். இந்தப் பழக்கம் கைக்கு வர வேண்டும். நினைவுக்கு வந்தால் போதாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் திகைத்து நிற்கிற ஒரு விநாடியில் வண்டி ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடுகிறது.

இதை ஆராய்ச்சி செய்து சொன்னவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்கிற பேராசிரியரும் அவருடைய கோஷ்டியும் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து, 1981-இல் அறிக்கை வெளியிட்டார்கள். விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவிகிதம் பேர் தாங்களாகவோ, நண்பர்களிடமோ, வீட்டாரிடமோ ஓட்டக் கற்றவர்கள். ஆபத்து வந்தபோது அநேகர் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்து வழுக்கியிருக்கிறார்கள். முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. தப்பித்துக்கொள்ளக் கிடைத்த அவகாசமோ பெரும்பாலும் இரண்டு விநாடிக்கும் குறைவு. அங்கேயும் முன் பிரேக்குக்கு எதிராக ஒரு தாத்தா உபதேசம் செய்திருப்பார் போலிருக்கிறது!

நம் நாட்டுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். மத்திய அரசின் அறிக்கைப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இரு சக்கர வண்டிகளில் போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருஷம் முதல் இடம் நம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இத்தனை பேரும் எட்டினால்தான் இறந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. குழி விழுந்த சாலை, குடி, ஹெல்மெட் போடாத தலை, விளக்கில்லாமல் நிற்கும் லாரி என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் மற்றக் காரணங்களை ஒழிக்கக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். இந்த ஒரு காரணத்தைக் குறைக்க மனம் மட்டும் இருந்தால் போதும்.

மேற்கே மலையைத் தாண்டினால் இன்னும் ஒரு வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. கேரளத்தில் பல காலம் எட்டுப் போடுவதற்கென்றே எம்-80 என்ற பழைய வண்டியைப் பயிற்சிப் பள்ளிகள் பாதுகாத்து வைத்திருந்தன. தயாரிப்பே நின்று பல ஆண்டுகள் ஆன வண்டி. கியர் கையில், உருவம் சிறிது. அதில் எட்டுப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து காலில் கியர் போடும் பெரிய வண்டியில் ஏறுவார்கள். "கியர் உள்ள மோட்டார் சைக்கிள்" என்றுதான் லைசென்ஸில் எழுதியிருக்கும். அது எந்தக் கியர் என்று யார் கேட்கப் போகிறார்கள்? 2024-இல் அந்த அரசு விழித்துக்கொண்டது. காலால் கியர் போடுகிற, 95 சி.சி.க்குக் குறையாத வண்டியில்தான் பரீட்சை என்று உத்தரவு போட்டது. கார் பரீட்சைக்கும் சேர்த்துக் கட்டுதிட்டங்கள் வந்தன. உடனே பயிற்சிப் பள்ளிக்காரர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. என்றாலும், "ஓட்டப் போகிற வண்டி மாதிரி ஒரு வண்டியில் பரீட்சை வை" என்று சொன்னால் ஒரு தொழிலே ஆட்டம் காண்கிறதென்றால், அந்தத் தொழில் இத்தனை நாளும் எதைக் கற்பித்துக்கொண்டிருந்தது?

பிரிட்டனில் 2009 முதல் இந்தப் பரீட்சை இரண்டு பாகமாக நடக்கிறது. முதல் பாகம் மைதானத்தில். அங்கேயும் எட்டு உண்டு! ஆனால் எட்டு முடிந்ததும் வேகமெடுத்து வந்து, மணிக்கு 50 கிலோமீட்டரில் அதிகாரி கை காட்டியதும் திடீரென்று நிறுத்திக் காட்ட வேண்டும். அதே வேகத்தில், எதிரே எதுவோ குறுக்கிட்டது போல் ஒதுங்கியும் காட்ட வேண்டும். இரண்டாவது பாகம் நிஜச் சாலையில். காதில் ரேடியோவை மாட்டிவிட்டு அதிகாரி பின்னாலேயே வருவார். இது வெள்ளைக்காரன் செய்கிறான் என்பதற்காக நான் சொல்லவில்லை. நம்முடைய 15-ஆவது விதியில் எழுதியிருப்பதைத்தான் அவன் செய்துகொண்டிருக்கிறான்.

இதற்கு மூன்று ஆட்சேபங்கள் சொல்வார்கள். நம் ஜனத்தொகைக்கு இதெல்லாம் நடக்குமா என்பது ஒன்று. திடீர் பிரேக் பிடித்துக் காட்ட அரை நிமிஷம் போதும். நூறு பேர் வந்தால் ஐம்பது நிமிஷம். இதற்கு மேல் இந்த ஆட்சேபத்துடன் மல்லுக்கு நிற்க எனக்குப் பொறுமை இல்லை.

ஏழைகள் பாதிக்கப்படுவார்கள் என்பது இரண்டாவது. பால்காரர், கொத்தனார், சாப்பாட்டுப் பொட்டலத்தை முதுகில் கட்டிக்கொண்டு விடிய விடிய ஓடுகிற பையன் ஆகியோருக்கு லைசென்ஸ்தான் சோறு என்கிறார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். சாலையில் அதிக நேரம் கிடப்பவர்கள் அவர்கள். விழுந்தால் குடும்பமே விழுகிறது. பணக்காரப் பிள்ளை எப்படியும் காருக்குப் போய்விடுவான். நிறுத்தக் கற்றுக்கொடுக்காமல் ஒருவனைச் சாலைக்கு அனுப்புவது ஏழைக்குச் செய்கிற எந்த வகைத் தயை? ஞாயிற்றுக்கிழமைகளில் பரீட்சை மைதானத்தைப் பூட்டி வைக்காமல் பழகுவதற்குத் திறந்துவிட்டால், அது தயை.

மூன்றாவது ஆட்சேபம்தான் பலமானது. பரீட்சையைக் கடினமாக்கினால் பலர் லைசென்ஸே எடுக்காமல் ஓட்டுவார்கள்; மற்றவர்கள் புரோக்கரைத் தேடுவார்கள்; புரோக்கர் தன் விலையை ஏற்றுவார். இதில் உண்மை இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 500 ரூபாயாக இருந்த அபராதத்தை 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 5,000 ஆக்கியது. அப்படியும் ஓட்டுகிறவர்கள் ஓட்டத்தான் செய்கிறார்கள். ஆனால் புரோக்கருக்கு இரை எங்கே கிடைக்கிறது? அதிகாரியின் அபிப்பிராயத்தில் தேர்வதும் தோற்பதும் இருக்கும் இடத்தில்தான். பிரேக் பரீட்சையில் அபிப்பிராயத்துக்கு என்ன வேலை? இங்கே ஒரு கோடு, அங்கே ஒரு கோடு. இந்தக் கோட்டில் பிரேக் பிடித்தான். அந்தக் கோட்டுக்குள் நின்றானா இல்லையா என்று வேலிக்கு வெளியே நிற்கிற டீக்கடைக்காரரும் பார்த்துச் சொல்லிவிடுவார்.

சர்க்கார் செய்கிறபோது செய்யட்டும். அதுவரையில் பையனையோ பெண்ணையோ எட்டுப் போட அனுப்புகிற பெற்றோர்கள் ஒன்று செய்யலாம். எல்.எல்.ஆர். வாங்கியபின் பரீட்சைக்குப் போகக் குறைந்தது 30 நாள் காத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த நாட்களில் ஐந்தாறு காலைகளை இதற்கு ஒதுக்குங்கள். ஆளில்லாத, மணல் சிதறாத, ஈரமில்லாத நேர் பாதையாகப் பாருங்கள். முதலில் மணிக்கு 20 கிலோமீட்டர். வண்டியை நேராக வைத்துக்கொண்டு, இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன் பிரேக்கை எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி மெல்ல ஆரம்பித்து இறுக்கச் சொல்லுங்கள். கை பழகியபின் 30, அப்புறம் 40. நின்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு கல்லை வையுங்கள். நாளுக்கு நாள் கல் கிட்டே வருகிறதா என்று பாருங்கள். ஹெல்மெட் கண்ணாடியில் தொங்காமல் தலையில் இருக்கட்டும்.