பாதையும் புணையும்

கிழக்கிலங்கையில் ‘பாதை’ என்னுஞ் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. நிலத்தின்மேற் கிடந்து நம்மைச் செல்லவிடும் வழியும் பாதை. நீரின்மேல் மிதந்து நம்மையும் நம் வண்டிகளையும் சுமந்து அக்கரை சேர்க்கும் தட்டைக் கலமும் பாதை. ‘மண்முனைப் பாதை’, ‘கிண்ணியாப் பாதை’, ‘குறுமண்வெளிப் பாதை’ என மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒருவர் சொல்லின், கேட்பவர் தெருவை நினையார். துறையில் நிற்கும் கலத்தையே நினைப்பர். இச்சொல்லின் பிறப்பு யாதாயினும் ஆகுக. வீதி நீர்க்கரையில் முடிந்துவிடுவதில்லை, அது நீரின்மேலுந் தொடர்கின்றது என்னும் கருத்து இவ்வழக்கினுள் அடங்கிக் கிடக்கின்றது. அக்கருத்தை மறந்தமையால் விளைந்த கேட்டினையும், மறவாதிருக்க நாம் செய்யத்தக்கனவற்றையும் இவ்வாரம் எடுத்துரைக்க விழைகின்றோம்.

நமது கரையோரம் நீராற் பகுக்கப்பட்ட நிலம். கல்முனையிலிருந்து தெற்கே காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி, பொத்துவில் எனச் செல்லும் வீதியின் ஒருபுறம் கடல். மறுபுறம் வயலும் களப்பும். கோமாரியிலும் அறுகம்குடாவிலும் களப்பு நீர் கடலை நாடி வீதியைக் குறுக்கிடுகின்றது. கல்முனைக்கு வடக்கே மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதன் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் வழங்கினர். ஞாயிறு எழுந்திசையும் படுந்திசையும் கொண்டு ஊருக்குப் பெயரிட்ட அவ்வழகு ஒருபுறமிருக்க, இரு கரையும் ஒன்றையொன்று நம்பியே வாழ்ந்தன என்பதே நாம் கருதவேண்டுவது. எழுவான்கரையில் வீடுடையோர் பலருக்குப் படுவான்கரையில் வயலிருந்தது. படுவான்கரையின் நெல்லும் பாலும் தயிரும் எழுவான்கரைச் சந்தையை நாடி வந்தன. இவ்விரண்டையும் இணைத்தவை துறைகளும், துறைதோறும் ஓடிய பாதைகளுமே.

பாதையில் ஏறிக் கடந்தோர் அதன் ஒழுங்கினை அறிவர். பஸ் வண்டி துறையில் வந்து நிற்கும். பயணிகள் இறங்கி நடந்து ஏறுவர். வெறும் வண்டி பலகைச் சரிவின் வழியே மெல்ல ஊர்ந்து தட்டில் ஏறும். அதன் பின்னே நெல் மூடை ஏற்றிய லொறி, மாட்டு வண்டி, துவிச்சக்கர வண்டி, தயிர்ச் சட்டி சுமந்தவர், புத்தகப் பையோடு பிள்ளைகள், திருமணத்துக்குச் செல்லும் குடும்பத்தார் என ஓர் ஊரே சிறிது நேரத்துக்கு அத்தட்டின்மேல் கூடிவிடும். முன்னாளிற் கயிறு பற்றியும் கம்பு ஊன்றியும் ஆட்கள் செலுத்தினர். பின்னாளில் இயந்திரம் அவ்வேலையை ஏற்றது. எங்ஙனம் செலுத்தினும், கரையை விட்டகன்ற பின் பெரியவரென்றும் சிறியவரென்றும் இல்லை. காரில் வந்த கனவானும் கால்நடையாய் வந்த கமக்காரரும் ஒரே தட்டில் நின்று ஒரே காற்றை வாங்கினர். முஸ்லிம் வணிகரும் தமிழ் உழவரும் விளைச்சலையும் விலையையும் பேசிக்கொண்டே கடந்தனர். சமூகங்கள் பிளவுண்ட கொடிய ஆண்டுகளைக் கண்ட இம்மாகாணத்தில், அத்தகைய பொதுவிடங்கள் எத்துணை அருமையானவை என்பதை நாம் விரித்துரைக்க வேண்டா.

ஆயினும் பழமையைப் போற்றுகின்றோம் என்று அதன் துன்பத்தை மறைத்தல் நேர்மையன்று. கச்சான் காற்று வலுத்தால் பாதை தடுமாறும். மாரி வெள்ளம் பெருகினால் ஓடாது. இரவு வந்தால் நின்றுவிடும். பேறுகால வேதனையோடு துறையில் காத்திருந்த தாய்மாருக்கும், பரீட்சைக்கு நேரம் தவறிய மாணவருக்கும் வாவியின் எழில் ஆறுதல் தந்திராது. திருக்கோணமலைக்கு கரையோர வீதியாற் செல்வோர் வெருகல், இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா என ஒன்றன்பின் ஒன்றாகத் துறை கடந்து, பயண நேரத்திற் பெரும்பகுதியைக் காத்திருப்பிலேயே கழித்தனர்.

ஆகவே பாலங்கள் எழுந்தமை பெருநன்மையே. கல்லடியில் 1924இல் லேடி மனிங் பாலம் அமைந்தது. கிண்ணியாவில் 2009ஆம் ஆண்டு ஏறத்தாழ 400 மீற்றர் நீளமான பாலம் சவூதி அரேபிய உதவியோடு திறக்கப்பட்டது. மண்முனையில் 2014இல் ஜப்பானிய உதவியாற் பாலம் எழுந்தது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை அறுகம்குடாப் பாலத்தைச் சிதைத்தபோது அப்பாலுள்ள ஊர்கள் துண்டிக்கப்பட்டன. அமெரிக்க உதவியாற் புதிய பாலம் வந்தபின்னரே அக்குறை முற்றும் நீங்கியது. பாலம் இல்லாத நாளில் ஓடத்தின் அருமையும், ஓடம் நின்ற நாளிற் பாலத்தின் அருமையும் தெரியவரும்.

இங்கேதான் நாம் கவலையோடு நோக்கவேண்டிய ஒன்று உளது. பாலம் வரும் என்னும் நம்பிக்கை, பாலம் வரும்வரை ஓடும் பாதையைப் பற்றிய அக்கறையைக் குறைத்துவிடுகின்றது. ‘தற்காலிகம்’ என்னும் ஒரு சொல் எல்லாக் குறையையும் மூடும் போர்வையாகிவிடுகின்றது. இதன் விளைவைக் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியிற் கண்டோம். புதிய பாலத்துக்காகப் பழைய பாலம் அகற்றப்பட்டிருந்த நிலையில், மக்கள் கடந்து செல்லத் தற்காலிகமாக ஓடிய பாதை 2021 நவம்பர் 23ஆம் நாட் காலையிற் கவிழ்ந்தது. பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்பட ஆறு பேருக்குக் குறையாதோர் உயிரிழந்தனர். அது பெருங்கடலன்று, புயல் வீசிய நாளுமன்று. கரையில் நின்றோரின் கண்ணெதிரே, கூப்பிடு தூரத்தில், அவ்வுயிர்கள் போயின.

வறிய நாட்டுக்கே உரிய விபத்து இதுவெனக் கொள்ளற்க. 1987 மார்ச் 6ஆம் நாள் பெல்ஜியத்தின் சீபுரூக் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட பெரிய ஆங்கிலேயக் கப்பலொன்று, வண்டிகள் ஏறும் முன்கதவை மூடாமலே சென்று கவிழ்ந்ததில் 193 பேர் மாண்டனர். 2014 ஏப்ரல் 16ஆம் நாள் தென்கொரியாவில் ‘செவோல்’ என்னும் ஊர்திக் கப்பல் மூழ்கி 304 பேர் இறந்தனர். அவருள் 250 பேர் ஒரே பள்ளியின் மாணவர். அளவுக்கு மீறிய சுமையும், செவ்வனே கட்டப்படாத சரக்கும் அக்கப்பலைச் சாய்த்தன. ‘இருந்த இடத்திலேயே இருங்கள்’ என்ற அறிவிப்பை நம்பி இருந்த பிள்ளைகளே பெரிதும் மடிந்தனர். கப்பல் பெரிதாயினும் பாதை சிறிதாயினும் காரணம் ஒன்றே: ஏற்றத்தகும் அளவை மீறுதலும், செய்யவேண்டிய சிறு காரியத்தைச் செய்யாது விடுதலும்.

தமிழ் மரபு இப்பொறுப்பை அறியாததன்று. சிலப்பதிகாரத்தில் வையைத் துறையிலே குதிரைமுகமும் யானைமுகமும் சிங்கமுகமும் பொருந்திய அம்பிகள் இயங்கின என்கின்றார் இளங்கோவடிகள். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மரப்புணையிற் கடந்து மதுரைப் புறஞ்சேரியை அடைகின்றனர். கம்பர் காட்டும் குகன் கங்கைக் கரையில் ஓடங்கள் பலவற்றின் தலைவன்; தன் ஓடத்தில் ஏறியவரைத் தன் உறவாகவே கொண்டவன். வள்ளுவரும் வெகுளாமை அதிகாரத்திற் சுற்றத்தைக் காக்கும் தெப்பமாக உருவகித்தார். இவற்றினும் நுட்பமானது ‘புணை’ என்னுஞ் சொல். தெப்பம் என்பதோடு துணை, ஈடு என்னும் பொருள்களும் அதற்கு உள. மிதவையையும் பொறுப்புறுதியையும் ஒரு சொல்லாற் குறித்தனர் நம் முன்னோர். ஒருவரைப் புணையில் ஏற்றியவர் அவருயிருக்கு ஈடு நின்றவராகின்றார் என்பதை இதனினும் சுருக்கமாகச் சொல்ல இயலுமோ?

எனவே நாம் வேண்டுவன சில. பாலம் புதுக்குவோர் பழைய பாலத்தில் கைவைக்குமுன், மக்கள் கடப்பதற்குத் தகுந்த மாற்று வழியை அமைத்துச் சோதித்து ஒப்படைத்தல் வேண்டும். அது திட்டத்தின் ஒரு பகுதியாகவே கொள்ளப்படவேண்டும். ஒவ்வொரு பாதையிலும் ஏற்றத்தகும் ஆட்களின் தொகையும் வண்டிகளின் தொகையும் யாவரும் படிக்கும் எழுத்தில், தமிழிலுஞ் சிங்களத்திலும் பொறிக்கப்படல் வேண்டும். உயிர்காப்பு அங்கிகள் பூட்டிய அறையிலன்றிக் கைக்கெட்டுந் தூரத்தில் இருத்தல் வேண்டும். வெள்ளமும் காற்றும் மிக்க நாளிற் பாதையை நிறுத்தும் அதிகாரம் அதனைச் செலுத்துவோருக்கு உண்டு என்பதையும், அதற்காக அவர் பழிக்கப்படார் என்பதையும் உறுதிசெய்தல் வேண்டும்.

பயணிகளுக்கும் கடமையுண்டு. ‘இன்னும் ஒருவர் தானே’ என்று ஏறுபவர் தம்மை மட்டும் ஏற்றுவதில்லை. தமக்கு முன் ஏறியோரின் ஆபத்தையும் ஏற்றுகின்றார். காத்திருக்கும் பொறுமை கோழைமையன்று.

ஆசிரியப் பெருமக்களிடம் இரு வேண்டுகோள் விடுக்கின்றோம். நீர் சூழ்ந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நீந்தப் பயிற்றுதல் விளையாட்டன்று. எண்ணும் எழுத்தும் போல அதுவும் அடிப்படைக் கல்வி. மற்றொன்று, பாதை ஓட்டியோரும் பாதையிற் கடந்தோருமாகிய முதியோர் இன்னும் நம்மிடையே உளர். துறைகளின் பெயர்கள், கலத்தின் உறுப்புப் பெயர்கள், காற்றும் நீரோட்டமும் பற்றிய வழக்குகள், இக்கரையினின்று அக்கரையை அழைத்த கூப்பாட்டு முறைகள் ஆகியவற்றை மாணவரைக் கொண்டு கேட்டு எழுதுவியுங்கள். பாலம் எழுந்தபின் துறை தூரும். துறை தூர்ந்தபின் அதன் சொற்களும் தூரும். ‘துறை’ என்னும் பெயரைக் கல்விக்கும் வழங்கிய மொழி நம் மொழி. நீர்த்துறையின் அறிவு நூற்றுறையினுள் வருவது முறையே.

பாதை ஓடும்வரை அது வீதியே. வீதிக்குரிய காவலும் கணக்கும் அதற்கும் உண்டு. காலையிற் பள்ளிக்கு அனுப்பிய பிள்ளை மாலையில் மீள்வான் என்னும் உறுதியை ஒரு தாய்க்கு அளிக்கவியலாத மிதவையைப் புணை என்று அழைக்கத் தமிழ் இடந்தராது.