இதயத்துக்கும் அயல் வேண்டும்



கிளினிக் நாளொன்றில் வரிசையில் காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்த அக்கா ஒருவர் தன் கொப்பியை எடுத்துக் காட்டினார். இரத்த அழுத்தம் கூடியிருந்தது. சீனியும் எல்லைக்கு வந்துவிட்டது. "நாளுக்கு அரை மணித்தியாலம் நடக்கட்டாம். எங்கை நடக்கிறது தங்கச்சி? விடிய வெளிக்கிட்டால் நாய். பின்னேரம் வெளிக்கிட்டால் மதகடியிலை குடிச்சுப்போட்டு இருக்கிறவங்கள். ஒழுங்கையிலை ஒரு லைற் இல்லை. அவரும் இல்லை, தனிய இருக்கிற பொம்பிளை நான்" என்றார்.

கொப்பியில் "நடைப்பயிற்சி செய்வதில்லை" என்று மாத்திரமே எழுதப்பட்டிருந்தது. மதகடியும் இருட்டு ஒழுங்கையும் அதில் இல்லை. எழுதப்படாத அந்தப் பகுதியைப் பற்றியே இம்மாதம் பேசுவோம்.

மாரடைப்பு ஏன் வருகிறது என்று கேட்டால் நாம் எல்லோரும் பதில் சொல்வோம். உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கொழுப்பு, புகைத்தல், உடலுழைப்பின்மை. இவை யாவும் உண்மையே. ஆனால், வசிக்கும் இடமும் இதயத்தைப் பாதிக்குமா? இக்கேள்வியை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். கலாநிதிப் பட்டத்துக்கு இதையே தலைப்பாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

அமெரிக்காவின் நான்கு இடங்களில் 45 முதல் 64 வயது வரையான 13,009 பேரைச் சுமார் ஒன்பது ஆண்டுகள் அவதானித்த ஆய்வொன்றின் முடிவு 2001இல் வெளியானது. அக்காலத்தில் 615 இருதய நோய் நிகழ்வுகள் பதிவாகின. ஒவ்வொருவரின் வருமானம், கல்வி, தொழில் என்பவற்றைக் கணக்கில் எடுத்த பின்னரும், வசதி குறைந்த அயல்களில் வாழ்ந்தோருக்கே ஆபத்து கூடுதலாக இருந்தது. அதாவது ஒரே அளவு சம்பாதிக்கும் இருவரில், பின்தங்கிய அயலில் இருப்பவரின் இதயமே கூடுதல் பாரத்தைச் சுமந்தது.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். ஏற்கெனவே உடல் தளர்ந்தவர்களும் கையில் பணம் இல்லாதவர்களும்தானே வாடகை குறைந்த இடங்களுக்குப் போகிறார்கள்? அப்படியானால் இடம் நோயைத் தந்ததா, நோய் அந்த இடத்துக்குக் கொண்டுவந்ததா? இதை அறிய வேண்டுமானால், தாமாகத் தெரிவு செய்யாமல் ஓரிடத்தில் குடியமர்த்தப்பட்ட மக்களைப் பார்க்க வேண்டும். அத்தகைய மக்கள் யார்? அகதிகளே.

டென்மார்க்கில் 1986 முதல் 1998 வரை, அகதி அந்தஸ்துப் பெற்றவர்களை நாடெங்கும் பரவலாகக் குடியமர்த்தினார்கள். எந்த ஊரில் எந்த வீடு கிடைக்கும் என்பது பெரும்பாலும் அகதியின் கையில் இருக்கவில்லை. அக்காலத்தில் அங்கு தஞ்சம் புகுந்தோரில் எமது இலங்கைத் தமிழரும் இருந்தனர். அவ்வாறு குடியமர்த்தப்பட்ட சுமார் 49,000 அகதிகளின் மருத்துவப் பதிவுகளைப் பல ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். பின்தங்கிய அயலில் விடப்பட்டவர்களுக்கு உயர் இரத்த அழுத்தம், கொழுப்பு, நீரிழிவு, மாரடைப்பு ஆகியவை சற்றுக் கூடுதலாக ஏற்பட்டிருந்தன. தனி ஒருவருக்கு அந்த வித்தியாசம் சிறியதுதான். ஆனால் பல்லாயிரம் பேரில் அது பல உயிர்களாகும்.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை ஐந்து நகரங்களில், பிள்ளைகளோடு ஏழைக் குடியிருப்புகளில் வாழ்ந்த குடும்பங்களைச் சீட்டுக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆண்துணையின்றிக் குடும்பத்தைச் சுமந்த தாய்மார். ஒரு பகுதியினருக்கு வறுமை குறைந்த அயலுக்குச் செல்ல வாடகை உதவி கிடைத்தது. பத்துப் பதினைந்து வருடங்களின் பின் சோதித்தபோது, அந்த வாய்ப்புக் கிடைத்த பெண்களிடையே நீரிழிவு நூற்றுக்கு நான்கு பேர் அளவில் குறைந்திருந்தது. அளவுமீறிய உடற்பருமனும் குறைந்திருந்தது. இது 2011இல் வெளியான முடிவு.

அயல் எப்படி இதயத்துக்குள் புகுகிறது? பயத்தோடு வாழும்போது உடல் எப்போதும் ஓடத் தயாரான நிலையில் இருக்கிறது. அட்ரினலின், கோட்டிசோல் ஆகிய சுரப்புகள் கூடுகின்றன. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. சிறிது நேரம் என்றால் உடல் தாங்கும். வருடக்கணக்கில் என்றால் இரத்தக் குழாய்கள் பழுதடையும். இரவில் ஒவ்வொரு சத்தத்துக்கும் விழித்துக்கொள்பவளுக்கு உறக்கமும் கெடும். நடக்க வழியில்லை. மரக்கறி வாங்கச் சந்தை தூரம். பக்கத்துக் கடையில் பிஸ்கற்றும் சோடாவும்தான். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்கிறது.

போரைக் கண்ட எமக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு. அமெரிக்கத் தாதியர் சுமார் 50,000 பேரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், பெரும் அதிர்ச்சிக்கு ஆளாகி அதன் அறிகுறிகள் நீங்காதிருந்த பெண்களுக்கு மாரடைப்பு, பாரிசவாதம் ஆகியவற்றின் ஆபத்து கூடுதலாகக் காணப்பட்டது. எனவே கனவில் இன்றும் ஷெல் விழுகிறது என்றால், அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அது மனதோடு மட்டும் நிற்கும் விடயமல்ல.

சகோதரிகளே, இதையெல்லாம் சொல்வது "எல்லாம் இடத்தின் குற்றம்" என்று மருந்தை நிறுத்துவதற்காக அல்ல. குளிசையைத் தவறாது எடுங்கள். உப்பையும் சீனியையும் குறையுங்கள். 35 வயதை அடைந்தவர்கள் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு, சுகவனிதையர் கிளினிக்குக்குச் செல்லுங்கள். நெஞ்சில் இறுக்கம், இடது கை, தாடை அல்லது முதுகில் நோ, மூச்சு வாங்குதல், குளிர்ந்த வியர்வை, ஓங்காளம், காரணமில்லாத கடுங்களைப்பு ஆகியவை வந்தால் "காஸ்" என்று இஞ்சித் தேநீர் குடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். பெண்களுக்கு நெஞ்சுநோ கடுமையாக இல்லாமலும் மாரடைப்பு வரலாம். உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம்.

ஆனால் ஒழுங்கைக்கு வெளிச்சம் போடுவது குளிசையால் ஆகாது. தெருவிளக்கு பிரதேச சபையின் பொறுப்பு. ஒருத்தி போய்க் கேட்டால் "பார்ப்போம்" என்பார்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கடிதத் தலைப்பில், முப்பது பேரின் கையொப்பத்தோடு, கம்பத்தின் இலக்கத்தையும் எழுதிக் கொடுத்தால் பதில் சொல்லியே ஆகவேண்டும். கடிதத்தின் பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். கட்டாக்காலி நாய்கள், மதகடிக் குடி ஆகியவற்றையும் இவ்வாறே உரியவர்களிடம் எழுத்தில் கொடுங்கள். இது சுகாதாரக் கோரிக்கை என்று அதில் குறிப்பிடுங்கள். அது பொய்யல்ல.

அன்று அந்த அக்காவிடம், "உங்கட ஒழுங்கையில வேறை ஆருக்கும் பிறசர் இருக்கோ?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "முன்வீட்டுக்காரிக்கு இருக்கு. மூலை வீட்டு மாமிக்கும் இருக்கு" என்றார். மூவரும் ஒரே கிளினிக்குக்கு வருபவர்கள். ஆனால் மூவரும் ஒருநாளும் சேர்ந்து நடந்ததில்லை. விளக்கு வரும்வரை ஒரு தடியும் ஒரு ரோச்சும் எடுத்துக்கொண்டு மூவருமாகப் புறப்படலாமே என்றேன். சிரித்தார்.

அடுத்த கிளினிக்கில் "ஏன் நடக்கவில்லை?" என்று கேட்டால், தலையைக் குனிந்துகொண்டு நிற்காதீர்கள். இருட்டு ஒழுங்கையையும் சொல்லுங்கள். அதுவும் உங்கள் கொப்பியில் எழுதப்பட வேண்டிய நோய்க்காரணமே.